அரை இழை

அந்தப் படத்தில் ரயில் எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டி ஒரு தேயிலைக் கடை. பதினாறு ஆண்டுகளாக அந்தக் கடையின் பொட்டலங்களுக்கு நான்தான் படம் வரைந்து கொடுத்துவருகிறேன். பொங்கலுக்குப் புதிதாக ஒரு பரிசுப் பெட்டி கொண்டுவரப்போவதாகச் சொல்லிக் கடைக்காரர் அழைத்திருந்தார். கோத்தகிரியிலிருந்து காலை பஸ் பிடித்துப் போனேன். போய் உட்கார்ந்ததும் அவருடைய மகன் கைப்பேசியை என் முன் வைத்தான். "அண்ணா, படம் தயாராகிவிட்டது. சின்னச் சின்னப் பிழைகளை மட்டும் நீங்கள் திருத்திக் கொடுத்தால் போதும்" என்றான். மரியாதை தெரிந்த பையன். என்னைப் புண்படுத்தும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. முந்தின இரவு ஏஐ மென்பொருள் ஒன்றில் நான்கு வரி எழுதியிருக்கிறான். ஒரு நிமிடத்துக்குள் நான்கு படங்கள் வந்திருக்கின்றன. பிடித்த ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான்.

படம் அழகாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. மாலை வெயில் விழுந்த தேயிலைச் சரிவு, அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக நீல மலைகள், நடுவில் புகைவிட்டபடி ஏறிவரும் மலை ரயில், முன்னால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். நான்கு ஓரங்களிலும் சிவப்பும் கறுப்புமாக, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலையைப் போன்ற ஒரு கரை. 2022-இல் இந்த மென்பொருள்கள் பரவத் தொடங்கியபோது வந்த படங்களில் ஒரு கையில் ஆறேழு விரல்கள் இருக்கும். அந்தப் பெண்ணின் விரல்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

எஞ்சின்தான் உறுத்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டி வரை நீண்ட நம் மலை ரயிலில், கல்லாற்றைத் தாண்டிப் பற்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். மலையேறும் ரயிலுக்கு எஞ்சின் கீழ்ப்பக்கம் இருப்பதே பாதுகாப்பு. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே பள்ளத்தை நோக்கி ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிப்பதற்கென ஓர் ஊழியர் நிற்பார். குன்னூர்க் குழந்தைகள் ரயில் வரைந்தால் எஞ்சினைப் பின்னால்தான் வரைவார்கள். நானும் அப்படி வரைந்து வளர்ந்தவன். உலகத்தில் உள்ள ரயில் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. மென்பொருள் அந்தப் பெரும்பான்மையின் பக்கம் போயிருந்தது.

அந்தப் பெண் முதுகில் மூங்கில் கூடை சுமந்திருந்தாள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது அதிகம் பார்ப்பது சாக்குப் பையும் கையில் கத்தரியும்தான். கூடையை எடுத்துவிட்டுப் பை வரையலாம். ஆனால் கத்தரி வந்தால் கை நிற்கும் விதம் மாறும். கை மாறினால் தோள் மாறும். எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனால் புகை வேறிடத்தில் எழும், வெளிச்சம் வேறு மாதிரி விழும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது கேள்வி கேட்டது. சம்பளமாகச் சொன்னது நான் வழக்கமாக வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தான். கடைக்காரர் வாசல்வரை வந்து, "கோபித்துக்கொள்ளாதே தம்பி, காலம் அப்படி இருக்கிறது" என்றார்.

கோபம் வரவில்லை. அந்தக் கரை மட்டும் மனதில் கிடந்து அரித்தது. எஞ்சினில் என்ன பிழை என்று எனக்குத் தெரியும். கரையில் ஏதோ தவறு இருக்கிறது என்று தெரிந்தது. என்ன தவறு என்று சொல்ல எனக்கு அறிவு போதவில்லை.

அதனால் அடுத்த வாரம் ஊட்டிக்கு மேலே, தோடர்கள் வாழும் சிற்றூரான ஒரு மந்துக்குப் போனேன். அங்கே ஓர் அக்காவை எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். மூலிகைச் செடிகளின் படத்தொகுப்பு ஒன்றுக்காக நான் அலைந்துகொண்டிருந்த காலத்தில் சோலைக்குள் வழிகாட்டியவர் அவருடைய கணவர். அக்கா வாசலில் வெயிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மடியில் வெள்ளைப் பருத்தித் துணி. அருகில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும்.

தோடர் பூவேலையைக் கண்காட்சிகளிலும் கடைகளிலும் பார்த்தவர்கள் பலர். அது தைக்கப்படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. துணியில் பென்சில் கோடு கிடையாது. துணியை இழுத்துக் கட்டும் சட்டம் கிடையாது. பார்த்துத் தைக்க மாதிரித் தாள் கிடையாது. முரட்டு நெசவுத் துணியில் பாவு இழையும் ஊடை இழையும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியும். அந்த இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகிறது. எத்தனை இழை விட்டு எங்கே இறங்க வேண்டும், அடுத்த வரியில் எத்தனை இழை தள்ளித் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் தைப்பவரின் தலைக்குள் இருக்கிறது. எருமைக் கொம்பு, மலை, பூ எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து எழுந்து வருகின்றன. தையலை இறுக்கிவிடாமல் நூலைச் சிறிது தளர விடுவார்கள். அந்தத் தளர்ச்சிதான் பூவைத் துணியிலிருந்து மேலே எழுப்பிக் காட்டுகிறது. இப்படித் தைத்த போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். பெரியவர்கள் உடுத்துவார்கள். இறந்தவர்களின் உடலையும் அதில்தான் சுற்றுவார்கள். 2013-இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கைப்பேசியை நீட்டினேன். அக்கா கரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். நகத்தைத் திரையில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மெதுவாக நகர்த்தினார். உதடுகள் அசைந்தன. நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி நிறுத்தினார்.

"தம்பி, இதைத் தைத்தது யார்?"

யாரும் தைக்கவில்லை, இயந்திரம் வரைந்தது என்று சொன்னேன்.

"அதுதான். இந்தப் பக்கம் ஒன்பது இழை இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டரை இருக்கிறது. அரை இழையில் ஊசியை எப்படி விடுவது?"

பிறகு மடியிலிருந்த துணியைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். வாங்குபவர்கள் வழவழப்பான பக்கத்தைப் பார்த்து இதுதான் முன்பக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கோ முடிச்சும் மேடுமாகச் சொரசொரப்பாக இருக்கும் இந்தப் பக்கம்தான் முகம் என்றார். கைப்பேசியைத் திருப்பி, அதன் கறுப்பு முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவர் கேலிக்காக அப்படிச் செய்யவில்லை. துணியை அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவர் கைக்குப் பழக்கம்.

அந்த அரை இழையை விட்டு என் மனம் இன்றுவரை நகரவில்லை.

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு அது எளிதாகவே புரியும். ஒரு படத்தை எடுத்து அதன்மேல் சிறுகச் சிறுகப் புள்ளிகளைத் தூவி, கடைசியில் எதுவுமே தெரியாத சாம்பல் மூட்டமாக ஆக்கிவிடுகிறார்கள். பிறகு அந்த மூட்டத்தை ஒவ்வொரு படியாக எப்படி விலக்குவது என்று கணினிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இதைச் செய்த பிறகு, வெறும் மூட்டத்தைக் கொடுத்து, 'மலை, ரயில், தேயிலை' என்று சொன்னால், அந்தச் சொற்கள் காட்டும் திசையில் மூட்டத்தை விலக்கிக்கொண்டே போய் ஒரு படத்தில் வந்து நிற்கிறது.

தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு மரத்தின் விளிம்பு. பிறகு கீழே ஒரு வீட்டின் தகரக் கூரை. ஆனால் அங்கே பனி விலகும்போது தெரிவது, பனி மூடுவதற்கு முன்பே அங்கே இருந்தது. நாம் எதிர்பார்த்தபடி இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நேற்றுவரை நின்ற யூகலிப்டஸ் மரம் வெட்டப்பட்டு வெறும் அடிக்கட்டையாகத் தெரியலாம். கணினியின் மூட்டம் விலகும்போது தெரிவது, அந்தச் சொற்களோடு எது அதிகம் சேர்ந்து வந்திருக்கிறதோ அது. பின்னால் மறைந்திருந்த பொருள் என்று எதுவும் இல்லை.

பயிற்சிக்கான படங்கள் எங்கிருந்து வந்தன? 2022-இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பு 585 கோடி படங்களின் முகவரிகளையும், இணையப் பக்கங்களில் அந்தப் படங்களோடு இருந்த சிறு விளக்க வரிகளையும் கொண்டது. வரைந்தவர்களையும் படம் எடுத்தவர்களையும் யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் இத்தகைய மென்பொருள் நிறுவனங்களின்மேல் வழக்குத் தொடுத்ததற்கு அதுவே காரணம். அந்த வழக்கின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதோடு இன்னொரு குறையும் இருக்கிறது. இணையத்தில் நீலகிரி என்ற பெயரோடு கிடக்கும் படங்கள் பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்கள் எடுத்தவை. தோடர் போர்வையின் படம் இருந்தால் அது விற்பனைக்கு விரித்த போர்வையின் வழவழப்பான பக்கம். எத்தனை இழை என்று எந்த விளக்க வரியும் சொல்வதில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வரிகளை எழுதவில்லை.

தமிழில் 'எண்ணுவது' என்றால் கணக்கிடுவது, நினைப்பது இரண்டும்தான். எண்ணும் எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை. அக்கா உதட்டை அசைத்துக்கொண்டு திரையில் நகத்தை நகர்த்தியபோது இந்தச் சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையின் ஒவ்வொரு புள்ளியும் கணக்கிடப்பட்டதுதான். அதற்காகக் கோடிக்கணக்கான பெருக்கல்கள் நடந்திருக்கும். ஆனால் ஒரு கொம்பு எத்தனை இழையில் முடிய வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னால் ஒரே பதில்தான் வருகிறது. கேமரா வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், ஓவியம் செத்தா போயிற்று என்கிறார்கள். இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஊட்டிக்காரர்கள் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது ஊட்டி இந்து நகரில். 'இந்து' என்பது ஒரு ஃபிலிமின் பெயர். 1960-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், புகைப்படத் தாள், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து இந்தியா முழுவதும் போயின. ஃபிலிம் செய்வதற்குத் தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. அப்பா பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தார். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை மெல்லிய சுருளின்மேல் பூசுகிற வேலை, வெளிச்சம் பட்டால் எல்லாம் வீண். இருட்டில் வேலை செய்து செய்து அவர் கைகளுக்கு வேறு ஓர் அறிவு வந்திருந்தது. வீட்டில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி தேட மாட்டார். எந்தச் சாமான் எங்கே என்று நேரே போய் எடுப்பார். ஒரு துண்டு ஃபிலிமைக் கையில் கொடுத்தால் ஈர உதட்டில் லேசாக ஒற்றிப் பார்த்து, ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுப் பக்கம் என்று சொல்வார். எனக்கும் என் உடன்பிறந்த அக்காவுக்கும் அது பெரிய வித்தை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு காலம் மாறியது. உலகம் வண்ணத்துக்குப் போயிற்று. அதன்பின் டிஜிட்டல் வந்தது. ஃபிலிம் வாங்குவோர் இல்லாமல் போனார்கள். தொழிற்சாலை ஓய்ந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். இருட்டில் ஃபிலிமின் முகம் அறிந்த கைகள் அங்கே என்ன வேலை செய்தன என்று எனக்குத் தெரிந்த சில வீடுகளைப் பற்றிச் சொல்ல முடியும். காவலாளி, பனியன் கம்பெனியில் பெட்டி கட்டுபவர், ஓட்டலில் கணக்கெழுதுபவர்.

புகைப்படம் என்ற கலை சாகவில்லை. முன்னைவிடப் பல மடங்கு படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆகவே 'கேமரா வந்தபோதும் ஓவியம் பிழைத்தது' என்பது உண்மைதான். 1839-இல் புகைப்படம் வந்த பிறகு ஐரோப்பாவில் உள்ளங்கை அளவு உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர்களின் தொழில் சில பத்தாண்டுகளில் சுருங்கிப்போயிற்று என்பதும் அதே அளவு உண்மை. நம் ஊரில் அப்படித் தொழில் இழந்த ஓவியர்கள் சிலர் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனார்கள். வண்ண ஃபிலிம் வந்ததும் அதுவும் போயிற்று. பின்னொரு நாள் ஃபிளெக்ஸ் வந்தது, பெயர்ப்பலகை எழுதியவர்களின் தூரிகைகள் காய்ந்தன. கலை பிழைத்துக்கொள்ளும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள், பிழைக்காமல் போனவர்களின் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல வேண்டும். நான் அந்த வாசல்களைப் பார்த்து வளர்ந்தவன்.

இதனால் கணினியை உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. என் அக்கா மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். 2025 மார்ச்சில் உலகமே குடும்பப் படங்களை ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் பாணிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அவளும் மாற்றினாள். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து அவள் அனுப்பிய இன்னொரு படம் வேறு விதமானது. என் அம்மா, அதாவது அவள் பாட்டி, இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்து நகர் வீட்டுச் சமையலறையில் பாட்டி உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. அதை வர்ணித்து எழுதி ஒரு படம் வரவழைத்திருந்தாள். 'மாமா, இரவெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள்.

படத்தில் ஒரு வயதான பெண் இருந்தாள். அழகான சுருக்கங்கள். பித்தளைப் பாத்திரங்கள். சன்னல் வழியே பொன்னிற வெளிச்சம். எங்கள் சமையலறைச் சன்னல் வடக்குப் பார்த்தது. அதில் வெயில் விழுந்ததே இல்லை. பித்தளையும் கிடையாது, எல்லாம் அலுமினியம். அந்தப் பெண் யாரோ ஒருத்தி.

அவள் அழுகையை நான் எப்படிக் குறை சொல்வேன்? தொலைபேசியில் அழைத்தேன். பாட்டி டம்ளரை எப்படிப் பிடிப்பாள் என்று கேட்டாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், குளிருக்கு, காப்பி ஆறும்வரை குடிக்காமல் என்றேன். எந்தக் கையில் சுட்ட தழும்பு என்று கேட்டாள். இடது மணிக்கட்டு, விறகடுப்புக் காலத்தில் பட்டது என்றேன். புடவைத் தலைப்பைத் தலையில் போடுவாளா? மழைக்காலத்தில் ஸ்வெட்டருக்கு மேலே போடுவாள். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் அதையெல்லாம் மென்பொருளுக்குச் சொல்லிச் சொல்லிப் படத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். தழும்பு வந்தது, ஆனால் வலது கைக்குப் போயிற்று. டம்ளர் வந்தது, அது பித்தளையாக வந்தது. கடைசியில் அலுத்துப்போய், 'மாமா, நீங்கள் வரைந்து தாருங்கள்' என்றாள். நான் இன்னும் வரையவில்லை. அம்மாவின் கையை வரைய எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அந்தப் படத்துக்குப் பொருள் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவளைக் கேள்வி கேட்கவைத்தது அதுதான். ஆனால் பொருள் இருந்த இடம் அந்த ஒன்றரை மணி நேரம். எந்தக் கை, எந்தச் சன்னல் என்று கேட்பதற்கு ஓர் ஆளும், தெரிந்து சொல்வதற்கு ஓர் ஆளும் இருந்தோம். நான் வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்து செய்துவந்ததும் இதுதான். குறிஞ்சியை வரைய 2018-இல் பூத்த சரிவுகளில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சரிவு முழுக்க ஊதா பூசினாற்போல இருக்கும். பக்கத்தில் போனால் ஒவ்வொரு பூவும் வெளிர் நீல மணியாகத் தொங்கும், இலையும் கிளையும் பச்சையாக நடுவில் தெரியும். அந்த ஊதா எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்பது நின்று பார்த்தால்தான் புரியும். அடுத்த பூப்பு 2030-இல். இந்த நடுவில், மலை முழுக்க ஊதாக் கம்பளம் விரித்த ஏஐ படங்கள் எங்கள் உறவினர் குழுவில் வந்துகொண்டே இருக்கின்றன. 'பூத்துவிட்டதாமே, எப்போது வரலாம்?' என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பூக்கும் ஒன்றை எந்த நாளிலும் பூத்ததாகக் காட்டிவிட்டால், காத்திருப்பதற்கு என்ன மரியாதை மிஞ்சும்? இந்தக் கேள்வி என்னை உண்மையாகவே வாட்டுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றும் இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் ஆலன் என்பவர் ஏஐ மூலம் உருவாக்கிய படத்துக்கு டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசாக 300 டாலர் வாங்கினார். பெரிய சண்டையாயிற்று. அந்தப் படத்தை அடைய 624 முறையாவது கட்டளைகளை மாற்றி மாற்றி எழுதியதாக அவர் சொன்னார். 624 முறை ஒன்றைப் பார்த்து, இது இல்லை என்று ஒதுக்குவது உழைப்பு இல்லையா? உழைப்புதான். நான் அதை மறுக்க மாட்டேன். 2023-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், இயந்திரம் உருவாக்கிய பகுதிகளுக்கு உரிமை கோருவதை அவர் கைவிடாததால், பதிவை மறுத்துவிட்டது. தீர்ப்பு சட்டத்தைப் பற்றியது. என் மனதில் ஓடுவது வேறு. ஆலன் 624 முறை தேர்ந்தெடுத்தார். அக்கா ஒரு போர்வையில் எண்ணும் இழைகள் ஆயிரக்கணக்கில். அவற்றில் எந்த ஓர் இழையைத் தொட்டு 'இது ஏன் இங்கே?' என்று கேட்டாலும் அக்காவிடம் பதில் இருக்கும். தேர்ந்தெடுத்தவரிடம் 'ஏன் இந்தப் படம்?' என்று கேட்கலாம், பதில் வரும். 'ஏன் இந்தக் கோடு?' என்று கேட்டால் அவரும் நம்மைப் போலவே பார்வையாளர்தான்.

கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் பழங்குடியினர் வரையும் ஓவியங்களிலும் இப்படித்தான். வேங்கை மரத்தின் பிசினிலிருந்து பழுப்பு வருகிறது, இலைச் சாற்றிலிருந்து பச்சை, வேறு சில நிறங்கள் மண்ணிலிருந்து. மலைப் பாறையில் தேனெடுக்கும் காட்சியை வரைந்தவர், கயிற்றில் தொங்குபவருக்கு மேலே இன்னொருவரை ஏன் வரைந்தார் என்று கேட்டால், கயிற்றைக் காவல் காக்க ஆள் வேண்டாமா என்று திருப்பிக் கேட்பார்.

நான் கடைக்காரரிடம் போய் இதையெல்லாம் பேசவில்லை. திருத்தித் தர முடியாது, புதிதாக வரைந்து தருகிறேன், வழக்கமான தொகை வேண்டும் என்றேன். எஞ்சின் பின்னால்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். அவருடைய தாத்தா ரயில்வேயில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவராம். பதினாறு ஆண்டுகளில் இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. பெட்டிக்கு நான் வரைவது என்று முடிவாயிற்று. இணைய விளம்பரங்களுக்கு மகன் இன்னும் ஏஐ படங்களைத்தான் போடுகிறான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. விற்பனையில் எது உதவியது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு வேலை வருமா என்றும் தெரியவில்லை.

கரைக்காக மீண்டும் மந்துக்குப் போனேன். உங்கள் பூவை அச்சில் போட அனுமதி வேண்டும், அதற்கு உரிய பணமும் தருவார்கள் என்றேன். தனியாகத் தான் முடிவு செய்ய முடியாது, மற்றப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்றார் அக்கா. இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் சொன்னார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள். இறந்தவர்களுக்கான போர்வையை நினைவூட்டும் எதுவும் தேயிலைப் பெட்டியில் வரக் கூடாது. எந்தப் பூவைப் போடலாம் என்று அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

கட்டம் போட்ட தாளில் ஓர் இழைக்கு ஒரு கட்டம் என்று வைத்து, அக்காவின் துணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நான்கு நாள் ஆயிற்று. கண் எரிந்தது. ஓர் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகையில் நடுவில் பால்காரர் கூப்பிட்டால் எல்லாம் குழம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடித்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் விரித்துக் காட்டினேன்.

அவர் தையலைக் கீழே வைத்தார். தாளின் இடது மூலையில் நகத்தை வைத்தார். உதடுகள் அசையத் தொடங்கின. மந்தின் எருமைகள் மேட்டிலிருந்து இறங்கிவந்து எங்களைக் கடந்து போயின. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது கொம்பில் நகம் நின்றது.

"இங்கே ஓர் இழை கூடிவிட்டது, தம்பி."

குனிந்து நானும் எண்ணினேன். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. பையிலிருந்து அழிப்பானை எடுத்தேன்.